சிப்பாயிடம் சொன்ன பொய்

எங்கள் சங்கத் தலைவி மக்தலேனா அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஏண்டி ஹசிந்தா, இன்னைக்காவது நம்ம ஊர் நீலச் சட்டையைப் போடக் கூடாதா? குவாத்தமாலா நகரத்துல இருந்து சாட்சி கேக்க அதிகாரி வர்றாரு. அன்னைக்கு நாங்கல்லாம் மலைக்கு ஓடிட்டோம். கண்ணால பார்த்தவ நீ ஒருத்திதான்."

"மாட்டேன். இந்தச் சிவப்புதான் என்னைக் காப்பாத்துச்சு."

எங்கள் பக்கம் பெண்களின் சட்டையைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். பட்டாளம் எங்கள் சக்முல் ஊரில் அகப்பட்டவர்களை எல்லாம் சுட்டுக் கொளுத்தியபோது நான் சின்னப் பிள்ளை. ஆற்றைத் தாண்டி ஓடினேன். அக்கரை ஊரில் இருந்த எங்ராசியா என்பவள் தன் மகளின் சிவப்புச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டு, தேடி வந்த சிப்பாயிடம் "இவ என் மக" என்றாள். எங்கள் பாஷைகூட அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவள்தான் எனக்கு அம்மா.

பட்டாளம் எங்களிடம் பிடுங்கிய நிலம் திரும்ப வேண்டும். அதில் ஒரு பள்ளிக்கூடம் கட்டி, நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். இதற்குத்தான் இத்தனை வருஷமாக அலைகிறோம்.

விசாரணையில் அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்கரைச் சட்டை, அக்கரை வீடு. நீங்க எப்படிம்மா சக்முல் சாட்சி?"

மக்தலேனா அக்கா முறைத்த முறைப்பு இருக்கிறதே, அப்பப்பா!

பின்வரிசையில் அம்மா எழுந்தாள், சோளமாவை இலையில் கட்டி அவித்த தமால் கூடையை இடுப்பில் இடுக்கியபடி. அரைகுறை ஸ்பானிஷில் பேசினாள்.

"ஐயா, சிப்பாய்கிட்ட நான் பொய் சொன்னேன். இவ நான் பெத்த மக இல்ல. நீலச் சட்டையோட நனைஞ்சு வந்தா. அந்தச் சட்டையை நான்தான் அடுப்புல போட்டேன். இவ சக்முல் பிள்ளை."

பெத்த மக இல்ல. என்னிடம்கூட ஒருநாளும் அவள் சொல்லாத வார்த்தை அது. இன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னாள். அதிகாரி என் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்ததும் மக்தலேனா அக்கா அம்மா முன்னால் போய்த் தலை குனிந்து நின்றாள். பெரியவர்களை வணங்கும்போது அவர்கள் கை நம் தலையில் படக் காத்து நிற்பது எங்கள் வழக்கம். அவளுக்குப் பின்னால் சக்முல்காரர்கள் எல்லோரும் வரிசை கட்டிவிட்டார்கள்.

"என்னங்கடி இது, நான் என்ன சாமியா?" என்று வெட்கப்பட்டுக்கொண்டே ஒவ்வொரு தலையாகத் தொட்டாள் அம்மா.

நானும் கடைசியில் போய் நின்றேன். அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொன்னதேயில்லை. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என் முறை வந்ததும் தலை குனிந்தேன்.

முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"நீ எதுக்குடி வரிசையில நிக்கிற? வந்தவங்க பசியோட நிக்கிறாங்க. போய்த் தமாலைப் பிரிச்சு வை, போ!"