சிட்னியிலிருந்து பதினாலு மணி நேரம்

நான் பொய் சொல்கிறவன் என்பது கொடைக்கானல் பஜாருக்கே தெரியும். வழிமறித்த காட்டெருமையைப் பூம்பாறை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவன் நான். ஜன்னல் சீட்டுதான் வேண்டும் என்று அது அடம்பிடித்தது. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சொன்ன ஒரே உண்மையை யாரும் காதில் வாங்கவில்லை.

என் பூண்டுக் கடைக்கு அடுத்தது பிச்சை முகம்மதின் ஸ்வெட்டர் கடை. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்கியவர் அப்படியே உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்ப் பிடிக்குமுன் முடிந்துவிட்டது.

ஒரே மகள் சாஹிரா சிட்னியில் நர்ஸ். ‘ராத்திரி ஒன்பது மணி ஃப்ளைட். சிங்கப்பூரில் மாறி மதுரை. மொத்தம் பதினாலு மணி நேரம். அத்தா முகத்தைப் பார்க்கணும்’ என்று செய்தி அனுப்பியிருந்தாள். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. வீட்டில் பார்த்தால்தான் உண்டு.

மய்யித்தை ரொம்ப நேரம் வைத்திருக்கவும் கூடாது. மறுநாள் நடுப்பகல் தொழுகைவரை பொறுக்கலாம் என்றது ஜமாத். கணக்குப் போட்டவன் பிச்சையின் தம்பி மகன் ரஷாத். துபாயில் பதினோரு வருஷம் இருந்தவன்.

"வெளிநாட்டு மணி நமக்குப் பின்னாடிதாங்க ஓடும். அங்க ஒம்பதுன்னா இங்க பத்தரை. பதினாலைக் கூட்டுனா நாளைக்கு மதியம் பன்னெண்டரைக்குத்தான் மதுரை. மலை ஏற நாலு மணி நேரம். தோதுப்படாது. இன்னைக்கு சாயங்காலம் அஸர் தொழுகைக்கே எடுத்துருவோம்."

"ஏலே, அது துபாய்க்கு. சிட்னி மணி நமக்கு முன்னாடி ஓடுதுடா. நாங்க மூணரை டீ குடிக்கையில அவ ராச்சோறு தின்னு முடிச்சிட்டுப் போன் பண்ணுவா."

"யாரு சொன்னா மாமா, காட்டெருமையா?"

பிச்சை வீட்டு வாசலில் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பள்ளிவாசலிலிருந்து சந்தூக் வந்து இறங்கியது. இனி உடலை அதில் வைத்துத் தூக்க வேண்டியதுதான். மணி மூன்றரை.

"வீடியோ கால் போடு. மணி கேக்காத. ஜன்னலைக் காட்டச் சொல்லு, போதும்," என்றேன்.

உள்ளறையிலிருந்து பிச்சையின் மனைவி சபுராவின் குரல் வந்தது. "அண்ணன் சொல்றதை ஒரு தடவை செய்யி தம்பி."

ரஷாத் போட்டான். வீங்கிய முகத்தோடு விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள் சாஹிரா. கேட்டதும் ஏன் என்று கேட்காமல் போனைத் திருப்பினாள். கண்ணாடிக்கு வெளியே கும்மிருட்டு. இங்கே படிக்கட்டில் வெயில் அடித்தது. ரஷாத் வானத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான், விரலை மடக்கினான். ஜன்னலுக்கு மேலிருந்த கடிகாரத்தில் எட்டு. அப்படியானால் நம் நாலரைக்கு ஏறுகிறாள். காலை ஆறரை மதுரை, பத்தரை வீடு.

சந்தூக்கைச் சுவரோரம் நகர்த்தினான்.

மறுநாள் பத்தரை ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் பிசகாமல் வந்தவள், பெருமாள்மலையில் மூடுபனியிலும் சுற்றுலா வண்டி நெரிசலிலும் மாட்டிக்கொண்டாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குச் சொல்ல ஒரு பொய்கூட வரவில்லை.

ரஷாத் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். பதினொன்றே முக்காலுக்கு, பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

முகத்துணியை விலக்கினார்கள். அவள் அழவில்லை. அத்தாவின் தாடியை ஒருமுறை சரிசெய்தாள். நடுப்பகல் தொழுகைக்கு நேரம் நெருங்கியது. ரஷாத் சந்தூக்கின் முன்பக்கக் கைப்பிடியைப் பற்றியபடி தலைகுனிந்து நின்றான்.

கடைசியில் அவளே எழுந்து விலகி நின்றாள்.

"எடுங்கண்ணே," என்றாள்.