காற்றின் எடை நாலு பருப்பு

கந்தர்வக்கோட்டைக் கடைத்தெருவில் முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்துவந்த உடையப்பனுக்கு, 1964 ஆடி மாதத்தில் விஞ்ஞானப் பைத்தியம் பிடித்தது. அதற்குக் காரணம் எட்டாம் வகுப்பில் படித்த அவருடைய மகள் செவந்திதான். பிடித்ததென்னவோ அப்பாவுக்கு.

பள்ளியின் விஞ்ஞான ஆசிரியை சொர்ணவல்லி கடைக்கே வந்து விஷயத்தைச் சொன்னார்.

"புதுக்கோட்டையில நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் போட்டித் தேர்வு வைக்கிறாங்க. நம்ம பள்ளிக்கூடத்துலேர்ந்து செவந்தியத்தான் அனுப்புறேன். காலையில எழுத்துப் பரீட்சை. மத்தியானம் ஏதாவது ஒரு சோதனை செஞ்சு காட்டணும். வீட்ல கொஞ்சம் படிக்க வையுங்க."

'கொஞ்சம்' என்ற சொல் மட்டும் உடையப்பன் காதில் விழவில்லை. அன்று பொழுது சாயுமுன்னே கடையைப் பூட்டிவிட்டு வந்து, மகளின் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்துவிட்டார். அவர் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். ஆனாலும் விரல் வைத்து எழுத்துக்கூட்டிக் கேள்வி கேட்பதில் ஒரு குறையும் இல்லை. செவந்தி சட்சட்டென்று பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் அவருடைய விரல் நின்றுவிட்டது.

"காத்துக்கு எடை உண்டுன்னு போட்டிருக்கு. அச்சுல ஏதும் தப்பா விழுந்திருக்குமோ?"

"இல்லப்பா. நெசமாவே உண்டு."

"எடை இருந்தா நம்ம தலையில ஏறி நசுக்காதா?"

"நம்ம ஒடம்புக்குள்ள இருந்தும் அதே அளவு திருப்பி அமுக்குதுப்பா. அதான் தெரியல."

உடையப்பன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு துள்ளி எழுந்தார். "பேசுவானேன்? தராசுதான் நம்மகிட்ட இருக்கே!"

மறுநாள் பள்ளிக்கூடத்துக் கால்பந்து கடைக்கு வந்தது. காற்றை இறக்கிச் சூம்பிப்போன பந்தை ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் முந்திரிப் பருப்பைப் போட்டுச் சமன் செய்தார்கள். அப்புறம் சைக்கிள் கடைப் பம்பை வாங்கிவந்து, பந்து கல்லாகும்வரை உடையப்பனே காற்றடித்தார். தெருவே கூடிவிட்டது. பந்தைத் திரும்பத் தட்டில் வைத்ததும் தட்டு மெல்ல இறங்கியது.

"எறங்குது! எறங்குது!" என்று செவந்தி குதித்தாள்.

உடையப்பன் மறுதட்டில் ஒவ்வொரு பருப்பாகப் போட்டார். நாலாவது பருப்புக்கு முள் நடுவில் வந்து நின்றது.

"நாலு பருப்புய்யா! அடிச்ச காத்து நாலு பருப்பு எடைய்யா!"

பருப்பு வாங்கிக்கொண்டு அரைமணி நேரமாக வேடிக்கை பார்த்து நின்றிருந்த இருளாண்டி தன் பையைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப எனக்குப் போட்டதுல எம்புட்டுண்ணே காத்து?"

"அது இனாம்!" என்றார் உடையப்பன். கடைத்தெரு சிரித்து ஓய வெகுநேரமாயிற்று.

வீட்டில் மனைவி பிச்சையம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "கொழம்புல கெடக்க வேண்டிய முட்டை உப்புத்தண்ணியில நீச்சல் பழகுது. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு அப்பனும் மகளும் கடுதாசி எழுதுறீக. நாஞ் சோறாக்குறதா, வேடிக்கை பாக்குறதா?"

"ஆத்தா, இங்கிட்டு வா. இத மட்டும் பாத்துட்டுப் போ" என்று செவந்தி கூப்பிட்டாள். ஒரு கண்ணாடித் தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையால் மூடி, தலைகீழாகக் கவிழ்த்தாள். அட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். தண்ணீர் அப்படியே நின்றது.

"ஆத்தாடி!" பிச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாரு தாங்குறா?"

"கீழேயிருந்து காத்து தாங்குது."

பிச்சையம்மாள் தம்ளரைப் பிடுங்கித் தானே செய்து பார்த்தாள். அன்று முழுக்க வீடு ஈரமாகவே கிடந்தது. சோறு குழைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை.

தேர்வு நாளன்று மூவரும் முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை போனார்கள். எழுத்துப் பரீட்சை நடக்கும்போது சன்னலோரம் நின்று எட்டிப் பார்த்த உடையப்பனைக் காவலாளி மூன்று முறை விரட்டினார். மத்தியானம் பெற்றோரும் அறையின் பின்பக்கம் நிற்கலாம் என்று விட்டார்கள்.

மூக்குக்கண்ணாடி போட்ட தேர்வாளர் சிரிப்பே அறியாதவர்போல் உட்கார்ந்திருந்தார். செவந்தி தம்ளரைக் கவிழ்த்துக் கையை எடுத்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. அவர் சந்தேகத்தோடு எழுந்து வந்து, குனிந்து, கழுத்தைத் திருப்பி அட்டைக்கு அடியில் பார்த்தார்.

"ஒட்டி வச்சிருக்கியாம்மா?"

"காத்துங்க! காத்துதான் தாங்குதுங்க!" என்று பின்னாலிருந்து உடையப்பனின் குரல் வெடித்தது. பிச்சையம்மாள் அவருடைய துண்டைப் பிடித்து இழுத்தாள். அதைப் பார்த்த செவந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கை ஆடியது. தம்ளர்த் தண்ணீர் மொத்தமும் தேர்வாளர் தலையில் இறங்கியது.

செவந்தியின் சிரிப்பு விக்கலானது. எல்லாம் போச்சு என்று நினைத்தாள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மெல்லத் துடைத்தார். அவர் மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது.

"காத்து தாங்குதுன்னா, இப்ப ஏன் விழுந்துச்சு?"

செவந்தி விக்கிக்கொண்டே சொன்னாள். "அட்டை நகந்துருச்சுங்க சார். அந்த இடுக்கு வழியா காத்து உள்ள போயிருச்சு. உள்ளயும் காத்து வந்துட்டா, வெளிக் காத்து தண்ணியத் தாங்க முடியாதுங்க."

"சரி. அட்டை ஏன் நகந்துச்சு?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். "அதுக்கு விஞ்ஞானத்துல காரணம் இல்லீங்க சார். எங்கப்பாதான் காரணம்."

முதலில் மூக்கில் இருந்த சொட்டு விழுந்தது. பிறகு தேர்வாளரின் தோள் குலுங்கியது. சற்று நேரத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்ததைக் கேட்டு, பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

செவந்திக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி. திரும்பும் பஸ்ஸில் அது இருக்கை இருக்கையாகச் சுற்றியது. கண்டக்டர் தன் கட்டைவிரல் ரேகையைப் பார்த்து "இம்புட்டு வரப்பா!" என்று வியந்தார். கடைசியில் அது பிச்சையம்மாள் கையில் சேர்ந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் கிடைக்கவில்லை. அவள் அதைப் புருஷன் முகத்துக்கு நேரே பிடித்தாள். உள்ளேயிருந்து ஒரு பெரிய கண் உருண்டு விழித்தது. அவள் சிரித்த சிரிப்பில் செவந்தியும் உடையப்பனும் விழுந்து விழுந்து சிரிக்க, கந்தர்வக்கோட்டை எப்போது வந்து எப்போது போனதென்று மூவருக்கும் தெரியவில்லை.

ஊரைத் தாண்டிக் கண்டக்டர் இறக்கிவிட்ட இடத்திலிருந்து வந்த வழியே திரும்பி நடந்தார்கள். பொழுது இருக்கத்தான் இருந்தது. ஆனால் பிச்சையம்மாள் நடந்தால்தானே! பாதையோரம் குத்தவைத்து, செம்மண்ணுக்கு நேரே கண்ணாடியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கூவினாள்.

"செவந்தி, ஓடியா! இந்த எறும்பு காலுல மயிரு மொளச்சிருக்குடி!"