நேபாளத்தில் பாதி கிரிவலம்

எங்கள் ஊரில் யாராவது வழி கேட்டால் மலையை வைத்துத்தான் சொல்லுவோம். மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு போங்க, வந்துடும் என்போம். எப்படியும் ஒரு சுற்று வந்து கிளம்பிய இடத்திலேயே நிற்பார்கள், நடுவில் கேட்ட இடமும் வந்திருக்கும். உலகத்தில் மலை என்றால் எல்லாம் இப்படித்தான் என்று நான் நம்பியிருந்தேன். நம்பிக்கையை நேபாளம் வரைக்கும் தூக்கிக்கொண்டும் போனேன்.

நாங்கள் இருப்பது அடி அண்ணாமலையில். கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் டிபன் கடை. மற்ற நாளில் அக்கம்பக்கத்துக்காரர்கள், நிலத்து வேலைக்குப் போகிறவர்கள் வந்து சாப்பிடுவார்கள். பௌர்ணமிக்கு ஊர் உலகமே வரும். கல்யாணமாகி வந்த முதல் பௌர்ணமிக்கே என்னை இட்லிப் பானை முன்னால் நிற்க வைத்தார் என் வீட்டுக்காரர் ஆதிமூலம். அன்றிலிருந்து பௌர்ணமி என்றால் எனக்கு ஆவிதான்.

ஆவிக்கு நடுவே பார்ப்பேன். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நடந்து போவார்கள். அவன் தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருப்பான், அவள் அவன் தோளைப் பிடித்திருப்பாள். சில ஜோடி வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே போகும். அதைப் பார்த்தாலும் எனக்கு ஆசையாக இருக்கும். சாதாரண நாளில் நான் தனியாகச் சுற்றியிருக்கிறேன், பக்கத்து வீட்டுப் பெண்களோடு சுற்றியிருக்கிறேன். பௌர்ணமியன்று இவரோடு ஒரு சுற்று, அதுதான் வாய்க்கவில்லை. புதுப் பெண்ணாக இருந்தபோது கேட்டேன். பையன் பிறந்த பிறகு கேட்டேன். அவனுக்கு வேலை கிடைத்தபோதும் கேட்டேன். பதில் மாறவே இல்லை. "கடைய யாரு பாக்கறது?"

மனுஷர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். குறை சொல்லச் சொன்னால் கடையைத்தான் சொல்ல வேண்டும்.

பையன் அறிவுச்செல்வன் ஓசூரில் வேலை செய்கிறான். அப்பாவுக்கு அறுபது ஆகிறது, எங்கேயாவது போய்விட்டு வாருங்கள் என்று அவன்தான் நேபாள டூருக்குப் பணம் கட்டினான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் முருகவேல் நடத்தும் டூர். கோரக்பூர் வரைக்கும் ரயில், அங்கிருந்து தனி பஸ்ஸில் எல்லையைத் தாண்டி நேபாளம். இவர் முதலில் காலண்டரைத்தான் எடுத்தார். பௌர்ணமிக்கு முன்னாலேயே ஊர் திரும்பிவிடலாம் என்று தெரிந்த பிறகுதான் சரி என்றார்.

பஸ் நிறைய எங்கள் ஊர்க்காரர்கள். கூடவே சமையல்காரர், அடுப்பு, புளி மூட்டை. எல்லையில் ஒரு பெரிய தோரண வளைவு இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் நேபாளம். நடந்தே தாண்டினோம். தாண்டிய பிறகு இவர் திரும்பிப் பார்த்து, "அவ்ளோதானா? இதுவா வெளிநாடு?" என்றார். ஏமாந்தது போலத்தான் கேட்டார். அப்புறம் வழியெல்லாம் டீக்கடைகளை வேவு பார்த்துக்கொண்டு வந்தார். பசுபதிநாதர் சந்நிதியில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். இவர் என் காதில், "இவ்ளோ கூட்டம் வருது, வெளிய ஒரு நல்ல இட்லிக் கடை இல்ல பாரு" என்றார்.

திரும்பி வரும் வழியில் மழை. ஒரு மலை ஊரில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மேலே எங்கேயோ மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது என்றார் முருகவேல். லாட்ஜில் தங்கினோம். மறுநாளும் ரோடு திறக்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. அப்படியே பௌர்ணமி வந்துவிட்டது.

இவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமே. நின்றார், உட்கார்ந்தார், மாடிக்குப் போனார், இறங்கினார். எங்கள் போன் அங்கே வேலை செய்யவில்லை. முருகவேலின் போனை வாங்கி, ஊரில் கடையைப் பார்த்துக்கொள்ள விட்டுவந்த தன் தம்பி பெண்டாட்டிக்கு வெண்பொங்கல் செய்யச் சொல்லிக் கொடுத்தார். மிளகு ஜாஸ்தி போடாதே, முந்திரி கம்மியாகப் போடு, ஆனால் மேலே தெரிகிற மாதிரி போடு என்றார். அந்தப் பெண் இருபது வருஷமாகப் பொங்கல் செய்கிறாள். பாவம், கேட்டுக்கொண்டாள்.

நான் லாட்ஜ் வாசலில் நின்றேன். மழை விட்டிருந்தது. எதிரில் ஒரு மலை, பச்சையாக, தலை உருண்டையாக இருந்தது. அடிவாரத்தில் மணி கட்டிய சின்னக் கோயில். கோயிலை ஒட்டி ஒரு மண் ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு போனது. பௌர்ணமி. கடை இல்லை. மலை இருக்கிறது. இவரும் கூட இருக்கிறார். இன்னும் என்ன வேண்டும்?

உள்ளே போய்ச் சொன்னேன். "இன்னாங்க, இன்னிக்குப் பௌர்ணமி."

"அதத்தான் காலையிலருந்து நெனச்சுனு இருக்கேன்."

"எதுருல இருக்கற மலைய ஒரு சுத்து சுத்திட்டு வருவமா? ரெண்டு பேரும்."

"இது இன்னா நம்ம மலையா?"

"மலைதான? கோயிலு கூட இருக்குது."

"ரோடு தொறந்தா பஸ்ஸ எடுத்துடுவாங்க. நீ வேணா போய்ட்டு வா. எனக்கு ஊர்லருந்து போன் வரும்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த லாட்ஜே இடிந்திருக்க வேண்டும். வெளிநாடு வந்தும் கடையா? விறுவிறுவென்று இறங்கினேன். வாசலில் தேவசேனா மாமி நின்றிருந்தார். பெரிய கோயில் குருக்கள் வீட்டு மாமி. மலையைச் சுற்றப் போகிறேன் என்றேன். "பேஷா போயிட்டு வாங்கோ. செருப்பை இங்கயே விட்டுடுங்கோ, நான் பாத்துக்கறேன்" என்றார். அவருக்கும் இதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அந்த பஸ்ஸில் இருந்த யாருக்குமே தெரிந்திருக்காது. எல்லாரும் எங்கள் ஊர்தானே.

கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மலையை வலப்பக்கம் வைத்து நடந்தேன். கிரிவலத்தில் ரோட்டின் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். மலையை ஒட்டிய பக்கம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்கள் நடப்பார்கள் என்பார்கள். அங்கே இடது ஓரம் என்றால் பள்ளம். கீழே ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. சித்தர்களுக்கு நல்ல இடத்தை விட்டுக்கொடுத்து, நான் விளிம்பிலேயே நடந்தேன்.

அண்ணாமலையை விடச் சின்ன மலை, மத்தியானச் சாப்பாட்டுக்குள் சுற்றிவிடலாம் என்பது என் கணக்கு. ஒரு வளைவு போனது, இன்னொரு வளைவு போனது. மலையின் பின்பக்கம் வரவில்லை. எங்கள் மலை தனியாக நிற்கும். நடக்க நடக்க முகம் மாறும், பிறகு பழைய முகம் காட்டும். இங்கே ஒரு மலை முடிவதற்குள் அடுத்த மலை அதன் தோளில் ஆரம்பித்துவிட்டது. அதன் தோளில் இன்னொன்று. எந்த மலையைச் சுற்றுகிறேன் என்பதே கொஞ்ச நேரத்தில் தெரியவில்லை. எது வலப்பக்கம் இருக்கிறதோ அதுதான் என் மலை என்று வைத்துக்கொண்டேன்.

திரும்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கிரிவலம் கிளம்பிவிட்டு யாராவது பாதியில் திரும்புவார்களா? எங்கள் கடைக்குப் பக்கத்தில் போனைத் தவறவிட்டவர்கள்கூடத் திரும்பி நடக்க மாட்டார்கள், பின்னால் யாரையாவது அனுப்பித் தேடச் சொல்வார்கள். அதோடு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி முன்னால் போவதுதான் கிட்டே என்றும் தோன்றியது.

பாதம் எரிய ஆரம்பித்தபோது ரெண்டு மூன்று வீடுகள் வந்தன. ஒரு வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும் உட்கார ஒரு மூங்கில் மோடா எடுத்துப் போட்டு டீ கொடுத்தாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. நான் மலையைக் காட்டி, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டு, சுற்றி வந்துவிடலாமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். வட்டம் போடவில்லை. கையை நீட்டி ஒரு கோடு இழுத்தாள். மேலே ஏற்றி, கீழே இறக்கி, மறுபடி மேலே ஏற்றி, கை எட்டும் வரைக்கும் இழுத்தாள். அப்புறமும் மோவாயால் தூரத்தைக் காட்டினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாஷை தெரியாது, போன் இல்லை, பஸ் போய்விட்டால் யாரைக் கேட்பது? ஒரு சுற்றுக்கு ஆசைப்பட்டு நாடு விட்டு நாடு வந்து நிற்கிறேனே என்று அழுகை வந்தது. அந்தப் பெண் இன்னொரு டம்ளர் டீ ஊற்றினாள்.

வந்த வழியில் யாரோ ஓடி வருவது தெரிந்தது. மடித்துக் கட்டிய வேட்டி. இவர்தான். வந்ததும் கத்த ஆரம்பித்தார்.

"உனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்குது? ரோடு தொறந்தாச்சு, பஸ்ஸு நிக்குது, எல்லாரும் உன்னத்தான் தேடறாங்க. இது இன்னா மலைன்னு தெரியுமா? இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும் இதேதான்னு டிரைவரு தலையில அடிச்சுக்கறான்."

கத்தி முடித்துத் தரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. காலெல்லாம் சேறு, ஒரு விரலில் ரத்தம்.

"செருப்பு எங்க?" என்றேன்.

"மலையச் சுத்தற வழியில செருப்பப் போட்டுனா வருவாங்க?" என்று எரிந்து விழுந்தார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓடி வந்த அவசரத்திலும் மனுஷர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பெண் அவருக்கும் டீ கொடுத்தாள். குடித்துவிட்டு, "ஏலக்கா தட்டிப் போட்டிருக்கா" என்றார். அதையும் அன்றைக்குப் பொறுத்துக்கொண்டேன்.

"எழுந்திரு, போவலாம்."

"திரும்பி எப்படிங்க போறது? எதிர்ப்பக்கமா சுத்தக் கூடாதே."

"சுத்தி முடியாத மலைக்கு நேர்ப்பக்கம் எது, எதிர்ப்பக்கம் எது? வா, தமிழு."

தமிழ்செல்வி என்ற என் பேரை அவர் சுருக்கிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. எழுந்துவிட்டேன்.

மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தோம். சேறு வந்த இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டார், தாண்டிய பிறகும் விடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவர் நடை தளர்ந்தது. மேகம் விலகித் தூரத்தில் பனிமலை ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. நின்று பார்த்தார். "காத்து இன்னாமா வீசுது பாரு" என்றார். கடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பௌர்ணமி, மலை, இவர், நான். தலைகீழாக நடந்தாலும் இதுதான் நான் கேட்டது. ரோடு இன்னும் கொஞ்சம் நீண்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தேன், அதில் சந்தேகமே இல்லை.

லாட்ஜ் கண்ணுக்குத் தெரிந்தபோது அவர் சொன்னார்.

"நடந்தா நல்லாதான் இருக்குது, தமிழு. ஒடம்பே லேசாயிட்ட மாதிரி. இத்தன வருஷம் மலைய எதுருலயே வெச்சுனு வீணாக்கிட்டேன். அடுத்த பௌர்ணமிக்கு நான் ஒரு சுத்து சுத்தலாம்னு இருக்கேன்."

மிச்சத்தையும் சொல்லட்டும் என்று பார்த்தேன்.

"ஒரே ஒரு நாளு. கடைய நீ பாத்துக்க மாட்டியா?"

நான் சிரித்தேன். வேறென்ன செய்ய முடியும்? சந்தோஷத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்து அவரும் சிரித்தார். என் கையை நானே விடுவித்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறினேன். முருகவேல் திட்டினார், கேட்டுக்கொண்டேன். எல்லையைத் தாண்டினோம், ரயில் பிடித்தோம், ஊர் வந்து சேர்ந்தோம்.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள் நான் அரிசி ஊறப்போடவில்லை. சாயங்காலம் இவர் கிரைண்டரைத் திறந்து பார்த்தார்.

"மாவு ஆட்டலயா?"

"இல்ல. நாளைக்கு ரெண்டு பேரும் சுத்தப் போறோம்."

"ரெண்டு பேரும் போனா கடைய யாரு பாக்கறது?"

"மூடிட்டுப் போவலாம்."

"பௌர்ணமிக்கா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. கோயிலை மூடச் சொன்னது போல என்னைப் பார்த்தார். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்ப் பாக்கெட் மாவு வாங்கி வந்தார். தம்பி பெண்டாட்டிக்கும் சொல்லிவிட்டார். தான் சுற்றப் போவதாகச் சொன்னதை அவரே மறந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் நான் டவுனுக்கு ஆட்டோவில் போய், ராஜகோபுரத்துக்கு எதிரே கற்பூரம் ஏற்றிவிட்டுத் தனியாக நடக்க ஆரம்பித்தேன். அடி அண்ணாமலை வருவதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள். கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனது. எங்கள் கடை வந்தது. அதை ரோட்டிலிருந்து பௌர்ணமியன்று நான் பார்த்ததே இல்லை. ஆவிக்குப் பின்னால் இவர் தலையைக் குனிந்து இலையில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன். வேட்டியில் சாம்பார் கொட்டியிருந்தது. தம்பி பெண்டாட்டியைக் காணோம்.

அவர் நிமிரவில்லை.

"வாங்கம்மா, வாங்க. சூடா இட்லி இருக்குது, பொங்கல் இருக்குது. உக்காந்து சாப்புட்டுப் போங்க" என்றார்.

"வேணாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.