பழைய தொரை பேசிய தட்டு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு பெக்கோ மெஷின் வரும் என்று எங்கள் தோட்டத்து மெனேஜர் திங்கட்கிழமை அறிவித்தார். எங்கள் தோட்டத்துக்கு எதுவும் நேரத்துக்கு வருவதில்லை. டொக்டர் வருவதில்லை, தெரணியகலையிலிருந்து பஸ் வருவதில்லை. மண் தோண்டுகிற பெக்கோ மட்டும் நேரத்துக்கு வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அது தோண்டப்போவது மேட்டு மயானத்தை. அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். பனி விலகினால் தூரத்து அருவியும் தெரியும். எழுபது எண்பது வருஷமாக அந்தக் காட்சியைச் செத்தவர்கள் மட்டும் அனுபவித்து வந்தது கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. ஏழு அறைகளோடு ஒரு டூரிஸ்ட் வில்லா கட்டுவதாக முடிவாகியிருந்தது.

"அந்த எடம் ஆளுங்களுக்குக் குடுத்ததுன்னு ஏதாவது எவிடன்ஸ் இருந்தா வெள்ளிக்கிழமைக்கு முந்தி கொண்டாங்க. ஹரித, சரியா?" என்றார் மெனேஜர். அவர் கெட்டவர் அல்ல. நடக்காது என்று தெரிந்த விஷயங்களில் எப்போதும் பெருந்தன்மையாக இருப்பார்.

பழனியாண்டி மாமாவின் மனைவி ஜெயம்மா அந்த மேட்டில்தான் இருந்தார், இரண்டு வருஷமாக. மாமா ரப்பர் பெக்டரியில் முப்பத்தொரு வருஷம் தட்டு விளக்கியவர். பாலை ஊற்றி உறைய வைக்கிற அலுமினியத் தட்டுகளைச் சாம்பலும் தேங்காய் மட்டையும் போட்டுத் தேய்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். ஓய்வுக்குப் பிறகு தினமும் மாலை மேட்டுக்குப் போய், லயத்து வீடுகளில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது உட்பட எல்லாவற்றையும் மனைவியிடம் சொல்லிவிட்டு வருவார்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மாமா என்னிடம் வந்தார். வில்லாவுக்கு நாற்காலி தேடுவதற்காகப் பழைய பங்களாவின் ஸ்டோரைக் காலிபண்ண அவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். அங்கே கிடைத்த ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு அளவில், வட்டமான அலுமினியம். மேலே மயிரிழை போலக் கோடுகள். அதைச் சுற்றியிருந்த காகித உறையில் ஆங்கிலத்தில் மையால் எழுதியிருந்தது: மேட்டுப் புதைநிலம் திறப்பு, என் பேச்சு, 1936.

"தம்பி, இது இசைத்தட்டுங்களா?"

"ஆமா மாமா. அந்தக் காலத்துத் தொரை தன் பேச்சத் தானே பதிஞ்சு வச்சிருக்காரு."

"அப்ப அவரு குடுத்தது இதுல இருக்கு."

அவர் கேள்வியாகச் சொல்லவில்லை.

கெம்பஸ் ஸ்ட்ரைக்கினால் மூடியிருந்தது. நான் இரண்டாம் வருஷம் பிசிக்ஸ். ஒலியியல் பாடத்தில் நான் பெயில் என்பதை மாமாவிடம் சொல்லச் சந்தர்ப்பம் அமையவில்லை. கொழும்பில் இப்படிப்பட்ட தட்டுகளை வாசிக்கிற ஒருவருக்கு போன் எடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். பெக்கோவிடம் இரண்டு வாரம் கேட்க முடியாது. ஆகவே தெரணியகலையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஜமால்தீன் நானாவிடம் போனோம். அவரிடம் சாவி கொடுத்து ஓட்டுகிற கிராமபோன் ஒன்று இருந்தது. கல்யாண ஜோடிகள் பக்கத்தில் நின்று படம் எடுப்பதற்காக வைத்திருந்தார்.

"பாடுமா நானா?"

"படத்துல பாடும்," என்றார். "நெசத்துல பாட வச்சு எவ்வளவோ காலமாச்சி வாப்பா."

மாமா விஷயத்தைச் சொன்னார். நானா கிராமபோனைத் துடைத்து எடுத்து வைத்தார். "கொண்டுபோங்க. மையத்து அடங்கி ஈக்கிற எடம். அதுல நான் வாடக பேசக்கூடாது."

அன்று சாயங்காலமே கோயில் மண்டபத்தில் வைத்துப் போட்டோம். பெட்டியில் கிடந்த இரும்பு ஊசியைச் செருகி, சாவி முறுக்கி, கிராமபோனின் கையை இறக்கினேன். கருவாடு பொரிகிற சத்தம் வந்தது. அந்தப் பொரியலுக்கு உள்ளேயிருந்து, கிணற்றுக்குள் விழுந்த ஆளைப் போல, ஒரு வெள்ளைக்காரக் குரல்: "...மேட்டு எடம்... இனி பொதைக்கிற எடம்..." அப்புறம் மறுபடியும் கருவாடு.

மாமா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். தோட்டத்து வரலாற்றில் ஒரு தொரை சொன்னதைக் கேட்டு யாராவது சந்தோஷப்பட்ட முதல் சம்பவம் அதுவாக இருக்கலாம்.

நான் தட்டை எடுத்துப் பார்த்தேன். விளிம்பில், ஊசி போன வழியெல்லாம் அலுமினியம் வெள்ளைத் தூளாகச் சுரண்டப்பட்டிருந்தது. இரும்பு ஊசி தொரையின் பேச்சைக் கேட்கவில்லை, தின்றுகொண்டிருந்தது. நாலைந்து தடவை போட்டால் ஒன்றும் மிஞ்சாது. போட்டது பாதி. அதுவும் யாருக்கும் புரியாத பாதி. போனில் பதிந்ததை இரைச்சல் நீக்குகிற அப் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். அது இரைச்சலோடு தொரையையும் நீக்கிவிட்டது.

"இத வச்சு மெனேஜர்கிட்டப் போக முடியாதா?" என்றார் கோயில் கமிட்டித் தலைவர் நாகலிங்கம்.

"நாலு வார்த்த இருக்கு தலைவரே. யாரப் பொதைக்க, யாரு குடுத்தா, ஒண்ணும் இல்ல."

"அப்ப நல்லாக் கேக்க வைங்க. படிச்ச புள்ள தானே."

படித்த பிள்ளை அன்றிரவு படித்தான். அலுமினியத் தட்டுக்கு முள் ஊசிதான் போட வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை காலையில் லயத்துக்குப் பின்னால் இருந்த எலுமிச்சை மரத்தில் நீளமான முள் நாற்பது பறித்தோம். பச்சை முள் வளையும். ஆகவே ஸ்மோக் ஹவுஸில், புகை பிடிக்கிற ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே, ஒரு பகல் முழுவதும் தொங்கவிட்டோம். காய்ந்த பிறகு நெருப்புப் பெட்டியின் பக்கத்தில் தேய்த்துக் கூராக்கினோம். கிராமபோனின் கை பாரமாக இருந்து முள்ளை நசுக்கியது. கையை ஒரு ரப்பர் நாடாவால் கட்டி மேலே கம்பியில் தொங்கவிட்டு, பாரத்தைப் பாதியாக்கினேன்.

கருவாடு அடங்கியது. ஆனால் குரல் தகரப் பேணிக்குள் பேசுகிற மாதிரி அதிர்ந்தது. ஊசியைப் பிடித்திருக்கும் வட்டப் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே மெல்லிய மைக்கா தகடு, அதைச் சுற்றி ரப்பர் வளையம். வளையம் கல்லாகியிருந்தது. தகடு அசைய இடமில்லாமல் முறுமுறுத்துக்கொண்டிருந்தது.

"இந்த ரப்பர் எங்க மாமா கிடைக்கும்?"

மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் வெளியே, மலை முழுக்க நின்ற ரப்பர் மரங்களைப் பார்த்தார். பிசிக்ஸ் மேல் அவருக்கிருந்த மரியாதை அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்திருக்கும். அரை மணித்தியாலத்தில் சிரட்டையில் பால் வந்தது. ஒரு தட்டில் தோசை மாதிரி மெல்லிசாக ஊற்றி, உறைய வைத்து, அலசி, வளையல் அளவில் இரண்டு வளையம் வெட்டிக் கொடுத்தார். புதன்கிழமை தட்டு சொன்னது: "இந்த மேட்டு எடம் இனி பொதைக்கிற எடம். இங்க மரம் வைக்கிறது இல்லை. கம்பெனி திருப்பிக் கேக்கிறது இல்லை."

மண்டபத்தில் இருந்த பெண்கள் சிலர் அழுதார்கள். நாகலிங்கம் அந்த வெள்ளைக்காரருக்கு ஒரு படம் கிடைக்குமா, கோயிலில் மாட்டலாமா என்று விசாரித்தார்.

அதற்குப் பிறகும் தொரை பேசிக்கொண்டே போனார். ஆனால் குரலைத் தாழ்த்தியிருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"இது போதும் தலைவரே," என்றேன்.

"மிச்சத்துலதான் யாருக்குன்னு சொல்லியிருப்பாரு," என்றார் மாமா. "அது இல்லன்னா நம்ம மெனேஜர் தொரை சும்மா வுட மாட்டாரு. அவரு பெக்டரி ஒபிசரா இருந்தப்பவே மூலையில ஒரு பொட்டு இருந்தாலும் தட்டத் திருப்பி அனுப்புவாரு."

குரலைப் பெரிசாக்க ஒரே வழிதான் இருந்தது: பெரிய புனல். முதலில் மெதுவாகவும் பிறகு சட்டென்றும் விரிய வேண்டும், லயத்தில் செய்தி பரவுகிற மாதிரி. மூங்கில் வரிச்சுகளை வளைத்து எட்டடி நீளத்தில் எலும்புக்கூடு கட்டினோம். மேலே ஒட்டக் காகிதம் வேண்டும். நாகலிங்கம் தலைவர் வீட்டில் மூன்று தேர்தல்களின் போஸ்டர்கள் ஒட்டப்படாமல் கிடந்தன. கோதுமை மாப் பசை காய்ச்சிப் பதினொரு படை ஒட்டினோம். தோட்டத்து மக்களின் குரல் வெளியே கேட்பதற்காக எல்லாக் கட்சிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உழைத்தன. ஸ்மோக் ஹவுஸில் வைத்துக் காயவிட்டோம்.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மண்டபத்தில் மாமா, தலைவர், நான் மட்டும். நாளைக்கு எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம் என்று கதவைச் சாத்தியிருந்தோம். புது முள். முள் இறங்கியதும், தொரை எங்களுக்கு நடுவில் பாய் விரித்து உட்கார்ந்தது போலக் குரல் வந்தது. மூச்சு இழுப்பது கூடக் கேட்டது. என் வாழ்நாளில் நான் செய்து முடித்த ஒரே உருப்படியான வேலை அது.

"கம்பெனி திருப்பிக் கேக்கிறது இல்லை. இங்க நம்ம ராஜா தூங்குறான். ராணி தூங்குறா. டைகர் இன்னைக்கு வந்தான். நல்ல நாய். மூணும் நல்ல நாய். இது நாய்க்கு மட்டும். ஆள் செத்தா ஆத்துப் பக்கம் போடு, இங்க வரக் கூடாது. சரி. எல்லாம் வேலைக்குப் போ."

தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. யாரும் கையைத் தூக்கவில்லை.

"அந்தத் தொரை சீமைக்குப் போன பொறகுதான் நம்ம ஆளுங்க மேல பொதைக்க ஆரம்பிச்சிருப்பாங்க," என்றார் தலைவர். அவருடைய அப்பாவும் மேட்டில்தான் இருந்தார்.

மாமா புனலுக்குள் எட்டிப் பார்த்தார். "தம்பி, பழையபடி கேக்காம பண்ண முடியுங்களா?"

மூன்று நாள் தெளிவுக்காக உழைத்தவனிடம் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். இரும்பு ஊசியைப் போடலாம் என்றேன். ஆனால் அது நல்ல பேச்சையும் சேர்த்துத் தின்றுவிடும்.

"பேச்சு வெளியில இருந்து உள்ளுக்குத் தானே போகுது?"

"ஆமா."

"அப்ப நாய் உள் வளையத்துல இருக்கு."

அவர் போய் அடுப்புச் சாம்பலும் மட்டைத் துண்டும் கொண்டுவந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வெளிப்பக்கம் ஒரு தூசி படாமல், நடுவை மட்டும் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். நான் தடுக்கவில்லை. தலைவர் கதவைப் பார்த்துக்கொண்டார். ராஜா, ராணி, டைகர் மூன்றும் கால் மணித்தியாலத்தில் சாம்பலோடு போயின.

வெள்ளிக்கிழமை பெக்கோ ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டது. கிராமபோனை மேட்டுக்கே தூக்கிப் போனோம். நூற்றைம்பது பேர் நின்றார்கள். மெனேஜர் புனலையும் அதிலிருந்த வேட்பாளர்களையும் சுற்றிப் பார்த்தார்.

தட்டு பேசியது. மலை முழுக்கக் கேட்டது. பெக்கோ டிரைவர் எஞ்சினை நிறுத்தினான். "கம்பெனி திருப்பிக் கேக்கிறது இல்லை," என்றது தட்டு. அப்புறம் புனல் நிறைய, துல்லியமாக, மட்டை தேய்க்கிற சத்தம்.

மெனேஜர் தட்டைக் கையில் எடுத்து வெயிலில் சாய்த்தார். வெளிவளையம் மங்கல். உள்வளையத்தில் முகம் பார்க்கலாம்.

"பழனியாண்டி, இது உன் வேல," என்றார். "மத்தவங்க குறுக்கத் தேய்ப்பாங்க. நீ மட்டுந்தான் சுத்திச் சுத்தித் தேய்ப்பே. ஆறு வருஷம் நான் தட்டுப் பார்க்கல்லையா?"

மாமா கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"உள்ளுக்கு என்னா இருந்திச்சி?"

"நாய் இருந்திச்சுங்க."

"நாயா?"

"அந்தத் தொரையோட நாய்ங்களப் பொதைச்ச எடம்னு சொல்லிச்சுங்க. ராஜா, ராணி, டைகர். நாங்க வரக் கூடாதுன்னும் சொல்லிச்சு." மாமாவின் குரல் புனல் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது. "நாய்க்குக் குடுத்தத கம்பெனி திருப்பிக் கேக்காதுன்னு அந்தத் தொரை சொன்னாரு. எங்களுக்குக் குடுக்கல்லன்னா பரவால்லங்க. நாய்க்குக் குடுத்ததயாவது மதிக்கணும் இல்லீங்களா."

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். மெனேஜர் தள்ளிப் போய் போனில் பேசினார். "ஹெரிடேஜ்" என்ற சொல் நாலு தடவை காதில் விழுந்தது. திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. பிரிட்டிஷ் காலத்து நாய்களின் மயானம் வில்லாவுக்கு நல்லதாம். வருகிற வெள்ளைக்காரர்கள் பூ வைப்பார்களாம். மூன்று குழியையும் சுற்றி வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைப்பார்களாம். மற்ற இடம் திட்டப்படி.

"மூணு குழியும் எங்க? காட்டுங்க, முளை அடிக்கணும்."

யாருக்கும் தெரியாது. தொண்ணூறு வருஷத்து நாய். மேட்டில் இருந்ததெல்லாம் எங்கள் ஆட்கள்.

மாமா நடந்தார். ஜெயம்மாவின் குழிமேட்டுக்கு முன்னால் போய் நின்றார். நேற்று வைத்த செவ்வரளி அதில் வாடிக் கிடந்தது. அதைக் குனிந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"இதுங்க, தொரை. இது ராணி."

"நிச்சயமா?"

"நல்லாத் தெரியுங்க."

முளை அடிக்கிறவன் சிவப்புப் பெயின்ட் அடித்த முளையைத் தலைமாட்டில் இறக்கினான். நூற்றைம்பது பேருக்கும் அப்போதுதான் புரிந்தது. நாகலிங்கம் தலைவர் ஏறக்குறைய ஓடிப்போய்த் தன் அப்பாவின் பக்கத்தில் நின்று, "ராஜா இங்க," என்றார். டைகருக்குப் பதினொரு குடும்பம் போட்டி. மகனை விட்டவர்கள் இருந்தார்கள், தாயை விட்டவர்கள் இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இதுதான் நாய், இதுதான் நாய் என்றார்கள். என் அப்பாவும் சித்தப்பாவுக்காகக் கை தூக்கினார். கடைசியில் ஏழு வயதில் பாம்பு கடித்துச் செத்த ஒரு பிள்ளை, குழி சின்னதாக இருந்த காரணத்தால், டைகராகத் தெரிவானது. அதன் தாய் மெனேஜரின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மற்றவர்கள் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

பெக்கோ மறுபடியும் எஞ்சினைப் போட்டது.

"தொரை," என்றார் மாமா. "ராணியச் சுத்தி எத்தன அடி வுடுவீங்க?"

"ரெண்டு."

மாமா மனைவிக்குப் பக்கத்தில், ஒரு ஆள் படுக்கிற அளவுக்குப் புல் மூடிய சமதரையில் போய் நின்றார். "நாலாவதா ஒரு நாய் இருந்திச்சுங்க. இங்க."

"தட்டுல மூணுன்னியே."

"அழிஞ்ச எடத்துல அதும் இருந்திச்சு. தம்பியக் கேளுங்க."

மெனேஜர் என்னைப் பார்த்தார். "ஆமா சேர், இருந்திச்சு," என்றேன்.

"அங்க மேடே இல்லையே."

"சின்ன நாய்ங்க."

"பேரு?"

மாமா அதை யோசித்திருக்கவில்லை. தூரத்துப் பக்கத்தில் பெக்கோ முதல் வாய் மண்ணை அள்ளியது. பெண்கள் அலறினார்கள். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தை விட்டுக் காலையும் எடுக்கவில்லை.

"பேர் வைக்கலைங்க," என்றார். "சும்மா பின்னாலயே வரும்."