பத்துக்கு எட்டு வாங்கிய இயந்திரம்

1
என் பெயர் செமி. வயது இருபத்துமூன்று. ஆஸ்திரேலியாவில் டப்போ ஊரில், ஒரு பிசியோதெரபி நிலையத்தில் உதவியாளர். இந்தக் கதையைத் தொலைபேசியிடம் சொல்கிறேன், அது எழுதுகிறது. கதை பிறந்தது போன வாரம் நான் செய்த தவறில்.

முதல் தொடக்கம்: "அடிவானத்தில் சூரியன் மெல்ல..." (வேண்டாம். டப்போவில் நான் சூரியனைப் பார்ப்பது கார் நிறுத்துமிடத்தில்தான்.)

இரண்டாவது: இனி செமியை "அவன்" என்கிறேன். "நான்" என்றால் முணுமுணுத்துவிடுகிறேன், தொலைபேசிக்குப் புரிவதில்லை.

2
ஃபிஜியில் செமியின் அப்பா மதியு, தேவாலய மர முரசை அடிப்பவர். தோள் இறுகி, கை மேலே போகவில்லை. கிறிஸ்துமஸுக்குள் தேறாவிட்டால் முரசு வேறொருவருக்கு என்று போதகர் சொல்லிவிட்டார். ஊர் நர்ஸ் கற்றுத்தந்த பயிற்சியைத் தினமும் திட்டிக்கொண்டே செய்தார்.

செமி பிசியோதெரபி ஆய்வுகளின் தரவுத்தளத்தில் தேடினான். முடிவுகள் வரிசையாக வந்தன. ஓரத்தில் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண். பயிற்சி பற்றிய ஆய்வுக்கு ஐந்து. தோளில் தடவும் ஒலியலை (அல்ட்ராசவுண்ட்) இயந்திரம் பற்றியதற்கு எட்டு. பள்ளிக்கூடம் போன எவனுக்கும் எட்டு பெரிதென்று தெரியும்.

"பயிற்சிய விடுங்கப்பா. மெஷின்தான் பெஸ்ட். வரும்போது ஒன்னு கொண்டாரேன்" என்று குரல்செய்தி அனுப்பினான்.

அப்பா அன்றே விட்டார். மகன் பேச்சை அவர் அவ்வளவு சீக்கிரம் கேட்டதே இல்லை.

3
நிலையத்தின் பிசியோதெரபிஸ்ட் கெரின், செமியின் திரையை எட்டிப் பார்த்தாள்.

"உள்ள படிச்சியா, மேட்?" அவளுக்கு எல்லோரும் "மேட்", அதாவது நண்பன்.

"எட்டு போட்டிருக்கே."

"அது ஆய்வுக்குப் போட்ட மார்க்கு. எவ்வளவு ஒழுங்கா செஞ்சாங்கன்னு. சிகிச்சை பலிச்சுதான்னு இல்ல. படி."

படித்தான். பாதிப் பேருக்கு இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார்கள். மீதிப் பேருக்கு அணைத்துவைத்தே தடவியிருந்தார்கள். இரு பக்கமும் பலன் ஒரே அளவுதான்.

"அணைச்சு வச்சதும் இதே வேல செஞ்சுதா?"

"அத சந்தேகமில்லாம நிரூபிச்சிருக்காங்க. அதான் எட்டு."

"அப்ப அஞ்சு வாங்கின பயிற்சி?"

"அந்த ஆய்வுல ஓட்டை இருக்கு. ஆனா கை மேல போயிருக்கு. வேற நாலஞ்சு ஆய்வும் அதத்தான் சொல்லுது. யாரையாச்சும் நிறுத்தச் சொல்லிட்டியா என்ன?"

செமி தான் அனுப்பிய குரல்செய்தியை மறுபடி போட்டுக் கேட்டான். தோள் சும்மா இருந்தால் இன்னும் இறுகும் என்று அவனுக்கே தெரியும்.

4
(முடிவு ஒன்று: கிறிஸ்துமஸ் காலை, முரசு ஒலிக்கிறது. அழகாக இருக்கிறது. நம்பாதீர்கள்.

முடிவு இரண்டு: முரசு கை மாறுகிறது. அப்பா பின்வரிசையில் உட்கார்ந்து, தன்

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். செமி போன் செய்து உண்மையைச் சொன்னான். "நீ ஒரு முடிவுக்கு வந்துட்டு கூப்புடுடா. அதுவரைக்கும் உக்காந்திருக்கேன்" என்று அப்பா வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை.

அதனால் இந்தக் கதைக்கு முடிவு என்னிடம் இல்லை. இதை வீட்டுக்கு அனுப்புகிறேன். அங்கே படிப்பது யாராக இருந்தாலும், அப்பாவை எழுப்பிச் சுவரோரம் நிறுத்துங்கள். நர்ஸ் கற்றுத்தந்தபடி விரல்களைச் சுவரில் நடத்தி, கையை மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். திட்டுவார். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.