ஆரஞ்சு பேட்ஜ்

"நீ நிஜமாவே வேல்ஸ்காரிதானா?"

வடக்கு வேல்ஸின் கைர்நார்வன் ஊர் பேக்கரியில் டெஸ்னி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வாடிக்கையாக ரொட்டி வாங்க வரும் இட்வால் கிழவர் அவளிடம் இப்படித்தான் கேட்டார். அவள் பிறந்த தெற்குப் பள்ளத்தாக்கில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அங்கே ரக்பி ஆட்டம் நடக்கும் நாளில் தெருவே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நாட்டுப்பண்ணைப் பாடி அழும். பாட்டைத் தாண்டி வெல்ஷ் மொழியில் நாலு வார்த்தை பேச ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட டெஸ்னி வானொலியைக் கேட்டுக் கேட்டுத் தானாகவே வெல்ஷ் படித்தாள். அதைப் பேசிக்கொண்டே வாழ வேண்டும் என்றுதான் வடக்கே சித்தி வீட்டுக்கு வந்தாள்.

வந்த இடத்தில் அவளுடைய தெற்கத்தி இழுவை காதில் விழுந்ததும் எல்லோரும் மரியாதையாக ஆங்கிலத்துக்குத் தாவினார்கள்.

வெல்ஷ் பேசுகிறவர்கள் வேலையிடத்தில் குத்திக்கொள்ளும் ஆரஞ்சு பேட்ஜைக் கடைக்காரி நெரிஸ் கல்லாப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தாள். "ஒரு ஆளுக்காவது முழுக்க வெல்ஷ்லயே வியாபாரம் முடிச்சுக் கொடு கண்ணு. அப்புறம் குத்திக்க. இந்த மாசமும் முடியலன்னா நீ உள்ளே அடுப்பைப் பார்த்துக்க. முன்னாடி நிக்க வேற ஆள் போட்டுக்கறேன்."

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இட்வால் வந்தார். டெஸ்னி வெல்ஷில் வணக்கம் சொன்னாள். அவர் ஆங்கிலத்தில் ரொட்டி கேட்டார்.

"வெள்ளையா, கோதுமையா?" வெல்ஷிலேயே கேட்டாள்.

பதில் ஆங்கிலத்தில் வந்தது. அவள் மறுபடியும் வெல்ஷில் கேட்டாள். வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது.

"சீக்கிரம் இட்வால், ரொட்டி காய்ஞ்சிடப் போகுது," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

அவர் ஒரு வழியாக வெல்ஷுக்கு வந்தார். "உனக்குச் சிரமம் வேண்டாம்னுதானே இங்கிலீஷ்ல பேசறேன்."

"அந்தச் சிரமத்துக்குத்தான் ஐயா இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

"பாலுக்குக்கூட நீ தெற்கத்தி வார்த்தைதான் சொல்றே."

"எங்க பக்கம் அப்படித்தான். உங்க வார்த்தையும் தெரியும்."

"உங்க பக்கம் மொழியே செத்துப்போச்சே."

"நான் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்."

யாரோ சிரித்தார்கள்.  டெஸ்னி கவுண்டரை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் ஆங்கிலத்துக்கு மாறவில்லை.

இட்வால் தொண்டையைச் செருமினார். பிறகு கொஞ்சமும் இரக்கம் பார்க்காமல், தன் வீட்டில் பேசுகிற வேகத்தில் வெல்ஷில் கொட்டினார். "கோதுமை ரொட்டி ரெண்டு, அதுல ஒண்ணு மட்டும் துண்டு போட்டது. பழ ரொட்டி பாதி, ஓரம் கருகாததாப் பார்த்து. பால் ஒண்ணு."

டெஸ்னி எதையும் திருப்பிக் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"வேற ஏதாவது?"

"போதும்." அதுவும் வெல்ஷில்தான்.

அவர் பையைக் கையில் எடுப்பதற்குள், நெரிஸின் முகத்தைப் பார்க்காமலே, டெஸ்னி பேட்ஜை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டாள். இட்வால் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.