அவிழாத காப்பு

வேலப்பன் மணிக்கட்டில் கட்டியிருந்த காப்புக் கயிறு நைந்து நூலாகிவிட்டது. ஐகோர்ட்டு வாசலில் நின்றபடி அதைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டான். ஆடியில் அம்மனுக்குக் கட்டிய காப்பு. இப்போது தை பிறந்துவிட்டது. இத்தனை மாதம் காப்போடு திரிகிறவனைத் திருவொற்றியூர் கண்டதில்லை என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், அவனுக்கென்ன.

திருவிழா இரவு முழுக்கக் கரகத்தின் பின்னால் கண்விழித்திருந்தான். வயிற்றில் வெறும் தண்ணீர். விடியற்காலையில் முதலாளி ராமசுப்புவின் உப்பு லாரியில் கோயிலுக்குக் கூழ்ப்பானைகளை ஏற்றிப்போய் இறக்கியபோது ஒன்று சரிந்து, புளித்த கூழ் சட்டையெல்லாம் வழிந்தது. முதலாளி அவசரம் என்றதால் அப்படியே எண்ணூருக்கு உப்பு ஏற்றக் கிளம்பியவன், வழியில் கண்ணசந்து ரயில்வே கேட்டில் மோதினான். மதுவிலக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புளித்த வாடை, சிவந்த கண், தள்ளாடும் நடை. போலீஸுக்கு வேறென்ன வேண்டும்? டாக்டரும் குடித்திருக்கிறான் என்றே எழுதிக் கொடுத்தார். கீழ்க்கோர்ட்டில் அபராதம் போட்டு லைசென்ஸையும் பிடுங்கிக்கொண்டார்கள். கோயிலில் எல்லோருக்கும் காப்பு அவிழ்த்த அன்று அவன் லாக்கப்பில் இருந்தான்.

வேடிக்கை என்னவென்றால், கள்ளுக்கடை இருந்த காலத்தில் வேலப்பன் குடிக்காமல் வண்டி ஓட்டிய நாள் குறைவு. அப்போதெல்லாம் ஒருத்தரும் பிடிக்கவில்லை. அதனாலேயே இப்போது ஒருத்தரும் நம்பவில்லை; பெண்டாட்டி சொக்கம்மாளே நம்பவில்லை. லாக்கப்பிலிருந்து வந்தவனுக்குப் பூசாரி காப்பை அவிழ்க்க வந்தபோது கையை இழுத்துக்கொண்டான்.

"கோயில்ல கட்டுனது. கோர்ட்டுல தான் அவுப்பேன்."

காப்புக் கட்டியவன் வீட்டில் கவிச்சி கூடாது. மீன் இல்லாமல் சோறு இறங்காத சொக்கம்மாள் வெறும் ரசத்தோடு மல்லுக்கட்டினாள். அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். குடித்தேன் என்று ஒப்புக்கொண்டு பிழைப்பைப் பார் என்று தினமும் இடித்தாள். அவன் தூங்கியபின் வாயை மோந்து பார்ப்பாள். ஒரு நாளும் வாடை இல்லை.

வக்கீல் அருள்பிரகாசம் கறுப்புக் கோட்டோடு ஐகோர்ட்டு வாசலுக்கு வந்து கடைசியாக ஒருமுறை சொல்லிப்பார்த்தார். உடம்பு வலிக்குக் கொஞ்சம் போட்டேன், இனி தொடமாட்டேன் என்று மன்னிப்புக் கேட்டால் லைசென்ஸ் திரும்பிவிடும். ராமசுப்புவும் வேலை தரத் தயார். வீம்பு பிடித்தால் அப்பீல் தோற்கும். அப்புறம் காலமெல்லாம் மூட்டைதான்.

ஸ்டியரிங் பிடிக்கக் கை ஏங்காத நாளில்லை. ஆனாலும் வேலப்பன் மசியவில்லை.

"குடிச்சப்போ யார் கேட்டாலும் குடிச்சேன்னு தான் சொல்லிருக்கேன் சார். குடிக்காதப்போ எதுக்குச் சொல்லணும்? தூங்கிட்டேன். அதுக்குப் போடட்டும் தண்டனை."

நீயாவது சொல்லம்மா என்பதுபோல வக்கீல் கூட வந்திருந்த சொக்கம்மாளைப் பார்த்தார். அவளோ புருஷன் கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளினாள். கயிறு ஒற்றை இழையில் தொங்கியது. புடவை முந்தி முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் தடவிய புது நூலை எடுத்துப் பழையதன் மேலேயே இறுக்கிக் கட்டினாள்.

"இது அறுந்து வுழுந்தா ஆத்தாளே கைவுட்டுட்டான்னு சொல்லுவானுங்க. உள்ள போ."

மிச்ச நூலைத் தன் மணிக்கட்டில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். உள்ளேயிருந்து டவாலிச் சேவகன் அவன் பெயரைக் கூப்பிட்டான். வேலப்பன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு படியேறினான்.